யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர்: கோத்தகிரிப் பட்டறையில் நான்கு மழைக்காலம் கண்ட கருவி

கருவிகளை இயக்கும் மூளையாக இருக்கும் ஏவிஆர் வகைச் சிறு சிப்களில் கணினியிலிருந்து புரோகிராம் ஏற்றவும் அழிக்கவும் நான் நாள்தோறும் கையில் எடுப்பது, முந்நூறு ரூபாய்க்குள் வாங்கிய, தயாரித்தவர் பெயர் எதுவும் அச்சிடப்படாத ஒரு யுஎஸ்பிஏஎஸ்பி. கோத்தகிரியில் சிறு பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் மின்விசிறியைக் குறித்த நேரத்துக்கு ஓட்டி நிறுத்தும் டைமர் பலகைகளும், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் காட்டும் கருவிகளும்தான் எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி. இந்தப் புரோகிராமரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் பெட்டிக்குள் கருவியும் கேபிளும் தவிர ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது; அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டியவை தெரியாமல் பயன்படுத்துபவர், நல்ல சிப்களைச் செத்தவை என்று எண்ணித் தூக்கி எறிந்துகொண்டிருப்பார். முதல் ஆண்டில் நான் அப்படி ஒதுக்கிவைத்த பதினொரு சிப்களைப் பின்னாளில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது ஒன்பது உயிரோடு இருந்தன. அந்த ஒன்பதும் ஏன் பேச மறுத்தன என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரையின் பெரும்பகுதியாக இருக்கும், ஏனென்றால் இந்தக் கருவியின் நிறைகுறை அனைத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றி. யுஎஸ்பிஏஎஸ்பி என்பது ஒரு நிறுவனத்தின் பொருளன்று. தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து, சுற்று வரைபடத்தையும் உள் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவைத்த ஒரு வடிவமைப்பு. அதே ஏவிஆர் வகையைச் சேர்ந்த ஓர் ஏடிமெகா8 சிப், சீரான துடிப்பு தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சில மின்தடைகள் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் அளவுக்கு எளிமையானது. யுஎஸ்பி பேசுவதற்கென்று தனிச் சிப்கூட அதில் கிடையாது. அந்த வேலையையும் ஏடிமெகா8-இல் ஓடும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்பதால்தான் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது, அதனால்தான் ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் தரம் மாறுபடுகிறது. என்னிடம் இருக்கும் இரண்டும் ஒரே கடையில், ஆறு மாத இடைவெளியில் வாங்கியவை. இரண்டின் ஈய வேலையும் வேறு, உள்ளே இருந்த மென்பொருளின் பதிப்பும் வேறு.

கணினியில் இணைக்கும்போது லினக்ஸில் எந்த டிரைவரும் தேவைப்படவில்லை. சாதாரணப் பயனருக்கு அனுமதி கொடுக்கும் ஒரு வரியை விதிக் கோப்பில் எழுதினால் போதும். விண்டோஸில் ஜாடிக் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு டிரைவரைப் பொருத்த வேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

இனி, சிப் பேசாத கதைக்கு வருகிறேன். என்னுடன் வேலை கற்றுக்கொள்ளும் இளைஞர் ஒருவர் வந்த புதிதில், உறை பிரித்த புத்தம்புதிய ஏடிடைனி85 சிப் ஒன்றைச் செருகி, கணினியிலிருந்து புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளில் கட்டளை கொடுத்தார். இலக்குச் சிப் பதில் தரவில்லை என்ற வரி திரையில் வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி அதே வரி. "அண்ணா, இது வரும்போதே செத்துப்போன சிப்" என்று தனியே எடுத்து வைத்தார். அடுத்ததையும் செருகினார், அதுவும் பேசவில்லை. "ஒரே உறையில் ரெண்டு செத்த சிப் வராது தம்பி, கோளாறு நம்ம பக்கம்தான் இருக்கணும்" என்று சொல்லி நானும் அருகில் அமர்ந்தேன்.

கோளாறு வேகத்தில் இருந்தது. புது ஏடிடைனி85-இன் உள்ளே, அதன் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பைத் தரும் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுக்கும்படி ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்பைக் குறித்துவைக்கும் பிட்) அமைக்கப்பட்டிருப்பதால், சிப் உண்மையில் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. புரோகிராம் ஏற்றும் கம்பிகளில் எஸ்சிகே என்னும் துடிப்பு, சிப் ஓடும் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தரவுத்தாள் சொல்கிறது. அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யுஎஸ்பிஏஎஸ்பியோ தானாக எடுத்துக்கொள்ளும் வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். மெதுவாகக் கேட்கும் ஒருவரிடம் மூச்சுவிடாமல் பேசினால் அவர் என்ன பதில் சொல்வார்? ஏவிஆர்டியூட்டில் 'பி' (-B, பெரிய எழுத்து) என்ற விருப்பத்துக்கு 10 என்று கொடுத்து, ஒரு துடிப்புக்குப் பத்து மைக்ரோசெகண்டு என்று வேகத்தைத் தணித்ததும், அந்த இரண்டு சிப்களும் முதல் முயற்சியிலேயே பதில் சொல்லின. புரோகிராம் ஏற்றிய பிறகு ஃபியூஸை மாற்றி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டால், அடுத்த முறை பழைய வேகமே போதுமானது. இதனால்தான் பழைய சிப் பேசுகிறது, புதுச் சிப் பேசவில்லை என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது. புதிது என்பதாலேயே அது மெதுவாக ஓடுகிறது என்பது எடுத்தவுடன் யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கேதான் என் பலகையின் முதல் குறை வெளிப்பட்டது. வேகத்தைத் தணிக்கச் சொன்னதும், எஸ்சிகே காலத்தை மாற்ற இயலவில்லை, கருவியின் உள் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள் என்ற எச்சரிக்கை இரண்டில் ஒரு பலகையில் வந்தது. 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்போடு வேலை செய்யும்போது அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. புதுச் சிப்போடு வேலை செய்யும்போது அதுதான் தடை. பழைய மென்பொருளோடு வந்த பலகையில் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, ஜேபி3 என்று குறித்திருக்கும் இடத்தில், இரண்டு கம்பிகளை இணைக்கும் சிறு மூடியான ஜம்பரைப் போடுவதாகும். அதைப் போட்டால் வேகம் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். என் பலகையில் ஜேபி3 என்ற எழுத்தும் இரண்டு துளைகளும் இருந்தனவே தவிர, ஜம்பர் மாட்டுவதற்கான கம்பிகளை வைத்து ஈயம் பற்றவைத்திருக்கவில்லை. இரண்டு கம்பிகளை நானே பற்றவைத்துக்கொண்டேன். சில காசு மிச்சத்துக்காக, வாங்குபவருக்கு மிகவும் தேவைப்படும் ஒன்றை விட்டுவிட்டது எனக்கு இன்றும் ஏற்கவில்லை.

அந்த 8 கிலோஹெர்ட்ஸும் போதாத ஒரு நாள் வந்தது. தண்ணீர்த் தொட்டி மட்டம் காட்டும் கருவி பேட்டரியில் பல மாதங்கள் ஓட வேண்டும் என்பதற்காக, ஏடிடைனி13ஏ சிப்பின் கடிகாரத்தை உள்ளே இருக்கும் 128 கிலோஹெர்ட்ஸ் அலையியற்றிக்கு மாற்றினேன். எட்டால் வகுக்கும் ஃபியூஸை நீக்க மறந்துவிட்டேன். சிப் ஓடும் வேகம் 16 கிலோஹெர்ட்ஸ் ஆயிற்று. அதில் நான்கில் ஒரு பங்கு 4 கிலோஹெர்ட்ஸ். ஜம்பர் தரும் 8 கிலோஹெர்ட்ஸ் அதற்கு இரண்டு மடங்கு. அந்தச் சிப்பை மீட்க, புரோகிராமரின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தவிர வழியில்லை. 2011 மே மாதத்துப் பதிப்பு இதற்குப் போதும். அது 500 ஹெர்ட்ஸ் வரை வேகத்தை இறக்கித் தருகிறது. புதுப்பிக்க இன்னொரு புரோகிராமர் வேண்டும். நான் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைப் புரோகிராமராக மாற்றிக்கொண்டு, யுஎஸ்பிஏஎஸ்பியில் ஜேபி2 ஜம்பரைப் போட்டு, அதன் ஏடிமெகா8-க்குள் புது மென்பொருளை ஏற்றினேன். ஊனோவை இப்படிப் பயன்படுத்தும்போது, அதன் ரீசெட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்க வேண்டும்; இல்லையென்றால் கணினி தொடர்பு கொள்ளும்போதெல்லாம் ஊனோ தன்னைத் தானே மீளத் தொடங்கி, வேலையை நடுவில் விட்டுவிடும். புதுப்பித்த பிறகு 2 கிலோஹெர்ட்ஸில் பேசியதும் அந்த ஏடிடைனி13ஏ விழித்துக்கொண்டது. அந்த வேகத்தில் 1 கிலோபைட் எழுதவே பதினாறு நொடிக்கு மேல் ஆகும், சரிபார்க்க இன்னொரு பதினாறு நொடி. ஃபியூஸை மட்டும் திருத்திவிட்டு உடனே வழக்கமான வேகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மலைக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைப் பிடித்துக்கொண்டால், காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே மூடுபனி நம்முடன் உள்ளே வரும். துணி காய்வதற்கு மூன்று நாள் ஆகும் காலத்தில், சிப் செருகும் சாக்கெட்டின் செம்புப் பற்கள் மட்டும் எப்படிப் பளபளப்பாக இருக்கும்? கண்ணுக்குத் தெரியாத களிம்பு ஏறிவிடும். அப்போது வரும் கோளாறு, வேகத்தால் வரும் கோளாறுபோல் ஒரே மாதிரி இருக்காது. ஒரு முறை சிப் பேசும், அடுத்த முறை பேசாது. கையால் லேசாக அழுத்தினால் பேசும், விட்டால் நின்றுவிடும். சிப்பின் அடையாள எண்ணைக் கேட்டால் ஒரு முறை சரியாகவும், ஒரு முறை எல்லாம் பூஜ்யமாகவும் வரும். அடையாள எண் முழுவதும் பூஜ்யமாகவோ, முழுவதும் ஒன்றுகளாகவோ வந்தால், சிப் எதையும் சொல்லவில்லை, அதன் பதிலைக் கொண்டுவரும் மிசோ கம்பி சும்மா தொங்குகிறது என்றுதான் பொருள். எப்போதும் ஒரே மாதிரி தோற்றால் வேகத்தையும் கம்பி மாறியிருப்பதையும் பார்க்க வேண்டும். சில நேரம் தோற்றால் தொடுப்பையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிவினையைக் கற்ற பிறகு என் வேலை நேரம் பாதியாகக் குறைந்தது.

மலிவான சாக்கெட்டைத் தூக்கிவிட்டு, நெம்புகோலைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளும் ஜிஃப் சாக்கெட் ஒன்றை ஒரு சிறு பலகையில் வைத்து நானே கம்பி இழுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் அதைத் துணியால் சுற்றி, பகல் முழுவதும் எரியும் 40 வாட் பல்பின் அருகில் வைக்கிறேன். மாலை வேலை முடிந்ததும் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாகத் துடைப்பது வழக்கமாகிவிட்டது.

கருவியுடன் வரும் பத்துக் கம்பி ரிப்பன் கேபிளையும் நம்பக் கூடாது. ஒரு கேபிளில் கிளிப்புக்குள் எஸ்சிகே கம்பி மட்டும் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நேராக வைத்தால் வேலை செய்யும், மடக்கினால் நின்றுவிடும். ஒரு நாள் மாலை முழுவதும் சிப்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான், மல்டிமீட்டரை ஓசை எழுப்பும் நிலையில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. கேபிளின் வரிசை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பத்துக் கால் முனையில் 1 மோசி (சிப்புக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பி), 2 மின்சாரம், 5 ரீசெட், 7 எஸ்சிகே, 9 மிசோ, 10 கிரவுண்டு. எட்டுக் கால் ஏடிடைனி85-இல் அவை முறையே 5, 8, 1, 7, 6, 4 ஆகிய கால்களுக்குப் போக வேண்டும். மோசியையும் மிசோவையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவதே பொதுவாக நடக்கும் தவறு. சீரியல் கம்பிகளைப்போல் இங்கே குறுக்கே மாற்றிப் போடும் வழக்கம் கிடையாது. மோசி மோசிக்கே போக வேண்டும்.

மின்சாரக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்காமல், ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் வேலை செய்வதும் வீண். அழிக்கும்போதும் எழுதும்போதும் சிப்புக்குச் சட்டென்று கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. நீண்ட கம்பியின் மறுமுனையில் இருக்கும் சிப்புக்கு அது உடனே போய்ச் சேர்வதில்லை. படிக்கும்போது சரியாக வந்து, எழுதும்போது மட்டும் தவறினால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கெப்பாசிட்டரைத்தான்.

சிப்பைப் பலகையிலிருந்து கழற்றாமலே புரோகிராம் ஏற்றுவது இந்தக் கருவியின் பெரிய வசதி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் கொண்டுவந்த டைமர் பலகையில், எஸ்சிகே காலிலேயே ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரும் எல்இடியும் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டது. எல்இடியின் சுமையால் துடிப்பின் உயரம் குறைந்து, சிப் பாதியைக் கேட்டது, பாதியைக் கேட்கவில்லை. அந்த டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்தடையின் ஒரு காலைத் தூக்கிவிட்டதும் முதல் முயற்சியிலேயே ஏறிற்று. புதிதாகப் பலகை வடிவமைப்பவர்கள் மோசி, மிசோ, எஸ்சிகே ஆகிய மூன்று கால்களிலிருந்து மற்ற பாகங்களுக்குப் போகும் வழியில் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்துவிட்டால், பின்னால் பழுதுபார்க்க வருபவர் அவர்களை நன்றியோடு நினைப்பார்.

அழிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் ஒருவருக்கு உண்மையான இழப்பை உண்டாக்கியது அதில்தான். புரோகிராம் தங்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் அழித்த இடம் முழுவதும் ஒன்றுகளாக இருக்கும். எழுதுவது என்பது வேண்டிய இடங்களில் ஒன்றைப் பூஜ்யமாக்குவது மட்டுமே. பூஜ்யத்தை மீண்டும் ஒன்றாக்க எழுத்தால் முடியாது, அழிப்பால்தான் முடியும். ஆகவே, அழிக்காமல் பழைய புரோகிராமின் மேலேயே எழுதினால், பழையதும் புதியதும் கலந்த, இரண்டுக்கும் உதவாத ஒன்று சிப்பில் நிற்கும். சரிபார்க்கும்போது பொருந்தவில்லை என்று வரும். ஏவிஆர்டியூட் ஃப்ளாஷில் எழுதும்முன் தானாகவே அழித்துவிடும். ஆனால் 'டி' (-D) என்ற விருப்பத்தைக் கொடுத்துவிட்டால் அழிக்காது. யாரோ எழுதிய கட்டளையை அப்படியே ஒட்டிக்கொள்பவர்கள் இந்த எழுத்து உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பதைப் பிறர் படிக்காமல் தடுக்கும் பூட்டுப் பிட்கள் போட்ட சிப்பிலும் இதே போன்ற மயக்கம் வரும். அடையாள எண் சரியாக வரும், எழுதினேன் என்று மென்பொருள் சொல்லும், சரிபார்ப்பு மட்டும் தவறும். சிப் கெட்டுப்போகவில்லை, உள்ளே இருப்பதைக் காட்ட மறுக்கிறது, அவ்வளவுதான். முழு அழிப்பு ஒன்றுதான் அந்தப் பூட்டைத் திறக்கும். ஃப்ளாஷ் முழுவதையும் துடைத்த பிறகே பூட்டு நீங்கும்படி சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள். ஃபியூஸ்கள் அழிப்பில் மாறுவதில்லை. அழித்தால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும் என்று நினைத்து, தவறான கடிகார ஃபியூஸோடு நாள் முழுவதும் போராடியவர்களை அறிவேன்.

என் தவறு, மின்சாரம் போனாலும் எண்களைக் காத்துவைக்கும் இஇபிராம் என்ற தனி நினைவகத்தில் நடந்தது. முழு அழிப்பு, ஃப்ளாஷோடு இஇபிராமையும் சேர்த்து அழித்துவிடும். குன்னூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் டைமரில், ஒவ்வொரு தொட்டிக்கும் எத்தனை நிமிடம் விசிறி ஓட வேண்டும், ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அங்கிருந்த மூத்த பணியாளர் பல பருவங்களாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த எண்கள் இஇபிராமில் இருந்தன. நான் அதைப் படித்துச் சேமிக்காமல், புரோகிராமைப் புதுப்பிக்க ஒரு கட்டளை கொடுத்தேன். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அந்த எண்கள் போயின. அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பழைய நோட்டு ஒன்றைத் தேடியெடுத்து, நினைவிலிருந்தும் சேர்த்து, பாதி எண்களை மீட்டுக் கொடுத்தார். மீதிப் பாதியை அடுத்த பருவத்தில் அவரே மறுபடி அனுபவத்தால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, எந்தப் பலகை வந்தாலும் முதலில் ஃபியூஸ்களைப் படித்துத் தாளில் குறித்து, ஃப்ளாஷையும் இஇபிராமையும் கோப்பாகச் சேமித்த பிறகே எழுதும் கட்டளையைத் தொடுகிறேன். இஇசேவ் என்ற ஃபியூஸைப் போட்டுவிட்டால் அழிக்கும்போது இஇபிராம் தப்பிக்கும். ஏடிடைனி85-இல் உயர் ஃபியூஸ் என்னும் பைட்டை டிஎஃப் (DF) என்பதிலிருந்து டி7 (D7) என்று மாற்றினால் போதும். இன்னொன்று: முதல் கட்டளையில் இஇபிராமை எழுதிவிட்டு, இரண்டாம் கட்டளையில் ஃப்ளாஷை எழுதினால், இரண்டாவது தானாகச் செய்யும் அழிப்பு முதலாவது எழுதியதைத் துடைத்துவிடும். ஃப்ளாஷ் முதலில், இஇபிராம் பிறகு. அல்லது இரண்டும் ஒரே கட்டளையில்.

ஃபியூஸ்களில் பிட் பூஜ்யமாக இருந்தால் அமைப்பு இயங்குகிறது, ஒன்றாக இருந்தால் இயங்கவில்லை என்று பொருள். நம் பழக்கத்துக்கு இது தலைகீழாக இருப்பதால் தவறுகள் எளிதில் நேர்கின்றன. வெளிக் கிரிஸ்டல் என்று தவறாக அமைத்துவிட்ட சிப், கிரிஸ்டல் இல்லாத பலகையில் முற்றிலும் அமைதியாகிவிடும். அதற்கு இந்தக் கருவியே போதும்: வேறொரு ஊனோவிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்து, சிப்பின் முதல் கிரிஸ்டல் காலில் கொடுத்தால் (ஏடிமெகா328பி-யில் அது 9-ஆம் கால்), சிப் விழித்துக்கொள்ளும், அந்தச் சமயத்தில் ஃபியூஸைத் திருத்திவிடலாம். ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸைப் போட்டுவிட்டால் மட்டும் யுஎஸ்பிஏஎஸ்பி கைவிரித்துவிடும், ஏனென்றால் அது சிப்போடு பேசத் தொடங்குவதே ரீசெட் காலைத் தாழ்த்தித்தான். எட்டுக் கால் சிப்பில் இன்னும் ஒரு கால் கிடைக்குமே என்ற ஆசையில் எங்கள் பட்டறையில் இரண்டு சிப்களுக்கு இது நடந்தது. ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுத்து, உயர் மின்னழுத்த முறையில் ஃபியூஸைத் திருப்ப வேண்டும். ஊனோ ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் மின்தடைகள் சில, 12 வோல்ட் அடாப்டர் ஆகியவற்றைக் கொண்டு பிரெட்போர்டில் அமைத்து அவற்றை மீட்டோம். செத்தவை என்று ஒதுக்கி, பின்னால் மீண்ட ஒன்பதில் இரண்டு இந்த வழியில்தான் உயிர் பெற்றன.

அடையாள எண் பொருந்தவில்லை என்று வரும்போது, 'எஃப்' (-F) விருப்பம் கொடுத்து வலிந்து எழுதும் பழக்கம் வேண்டாம். ஏடிமெகா328பி-யின் எண் 1ஈ 95 0எஃப். 'பி' இல்லாத ஏடிமெகா328-இன் எண் 1ஈ 95 14. கடையில் ஒன்று கேட்டால் மற்றொன்றைக் கொடுப்பதுண்டு, இரண்டும் நல்ல சிப்களே. மேலே அச்சிட்ட எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கட்டளையில் சரியான பெயரைக் கொடுத்தால் வலிந்து எழுத வேண்டிய தேவையே எழாது.

குறைகளில் முதன்மையானது மின்னழுத்த ஜம்பர். 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு நிலைகள் குறித்திருக்கிறார்கள். 3.3-க்கு மாற்றி வைத்து அளந்தேன்: மின்சாரக் கால் 3.3 காட்டியது, மோசி, எஸ்சிகே கம்பிகள் 5 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றன. பலகையில் இருக்கும் சிப் எப்போதும் 5 வோல்ட்டில் ஓடுவதால் அதன் கம்பிகளும் அப்படியே இருக்கின்றன. தனி ஏவிஆர் சிப்பை 5 வோல்ட்டிலேயே புரோகிராம் செய்துகொள்ளலாம், ஆனால் 3.3 வோல்ட் சென்சாரோ ரேடியோவோ அதே கம்பிகளில் இணைந்திருக்கும் பலகையில் இந்த ஜம்பரை நம்பிச் செருகினால், சிப் தப்பித்து அந்த ரேடியோ போய்விடலாம். அத்தகைய பலகைகளுக்கு இடையில் மின்னழுத்த மட்டம் மாற்றும் சிறு பலகை ஒன்றை வைத்தே வேலை செய்கிறேன்.

தை மாதத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. மழை நின்று, இரவில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டு, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போதே பொரிபொரியென்று சத்தம் வரும். கருவியின் மேல் உறை எதுவும் இல்லை; ஈயப் புள்ளிகள் திறந்தே கிடக்கின்றன. சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறேன். சிப்பைத் தொடும் முன் மேசைமேல் பூமிக் கம்பியோடு இணைத்த தகட்டைத் தொடுவது என் வழக்கம்.

விலைக்கு வருகிறேன். கோத்தகிரியில் ஒரு பாகம் தேவைப்பட்டால் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். அஞ்சலில் வரவழைத்தால் மழைக்காலத்தில் மலைப்பாதையைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கருவியை ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குவது நல்லது; ஒன்று கெட்டால் மற்றொன்று, ஒன்றின் மென்பொருளைப் புதுப்பிக்க மற்றொன்று. கூடவே இரண்டு கூடுதல் ரிப்பன் கேபிளும் ஒரு ஜிஃப் சாக்கெட்டும் சேர்த்து வாங்கிவிடலாம். வாங்கியதும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: தோற்றத்தில் இதைப்போலவே இருந்து, தனக்கென்று வேறு மென்பொருள் கேட்கும் பலகைகளும் சந்தையில் உலவுகின்றன. கணினியில் செருகியதும் 16சி0, 05டிசி (16C0, 05DC) என்ற எண் இணை தெரிந்தால் அது ஏவிஆர்டியூட்டோடு பேசும். வேறு எண்கள் தெரிந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏடிடைனி402, 1614 போன்ற புதிய வரிசைச் சிப்களுக்கு இந்தக் கருவி உதவாது. அவை யுபிடிஐ என்ற ஒற்றைக் கம்பி முறையில் பேசுகின்றன. அவற்றுக்காக யுஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்றையும் மின்தடை ஒன்றையும் சேர்த்துத் தனிக் கேபிள் செய்து வைத்திருக்கிறேன். ஏவிஆர்டியூட் 7-ஆம் பதிப்பு முதல் அதையும் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. பட்டறைக்கு வரும் டைமர் பலகைகளில் அந்த வரிசை இன்னும் அரிதாகவே இருப்பதால், மேசையின் வலப்பக்கம், கை எட்டும் இடத்தில் இருப்பது இப்போதும் யுஎஸ்பிஏஎஸ்பிதான்.